கோட்டை கட்டியவர் எங்கே படுத்தார்? மங்கோலியப் படையெடுப்பும் நகரங்களின் மண்ணும்



இந்த நினைவுப் பொழிவு யாருடைய பெயரில் நடக்கிறதோ அந்த அண்ணனோடு ஊர் சுற்றியவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். ஒருமுறை மாணவர்கள் சிலரைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தோம். வழிகாட்டி தானியக் களஞ்சியத்தைக் காட்டினார், குதிரை லாயத்தைக் காட்டினார், கல்யாண மகாலின் அடுக்குகளை எண்ணிச் சொன்னார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்த அண்ணன் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: “குதிரை எங்க நின்னுச்சுன்னு காட்டிட்டீங்க. இந்தக் கல்லத் தூக்கியாந்தவன் எங்கப்பா படுத்தான்?” வழிகாட்டி சிரித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தார்.

அந்தக் கேள்வியை இன்று வெகுதூரம் எடுத்துச் செல்லப் போகிறோம். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படைகள் தாக்கிய நகரங்களுக்கு. இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மெர்வ், உஸ்பெகிஸ்தானின் சமர்க்கந்து, கசகஸ்தானின் ஒட்ரார், உக்ரைனின் கீவ், ரஷ்யாவின் யாரோஸ்லாவ்ல். பிறகு, இப்படிப்பட்ட நகரங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவர்கள் வேலை செய்த காரகோரம். ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேட்கலாம். நம் ஊர்க் கோட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ராஜா எந்தச் சாதி என்ற சண்டையிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. அங்கே அந்த இடையூறு இல்லை. ஏட்டில் எழுதியதற்கும் மண்ணில் கிடப்பதற்கும் உள்ள உறவை அங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மங்கோலியரையும் முகலாயரையும் ஒன்றாக்கி, ‘முஸ்லிம் படையெடுப்பு’ என்று ஒரே மூட்டையில் கட்டும் செய்திகள் நம் கைப்பேசிகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. செங்கிஸ் கான் புல்வெளிக் குலங்களை ஒன்றாக்கியது 1206இல். 1219இல் அவர் பாய்ந்தது குவாரசம் என்ற முஸ்லிம் பேரரசின் மீது. அவருடைய பேரன் பத்து 1237 முதல் 1240 வரை ரஷ்ய நகரங்களைத் தாக்கினார். இன்னொரு பேரன் ஹுலாகு 1258இல் பக்தாதை அழித்து, அப்பாசியக் கலீபாவைக் கொன்றார். புகாரா, சமர்க்கந்து, மெர்வ், நிஷாப்பூர், பக்தாத் எல்லாமே முஸ்லிம்களின் நகரங்கள். அவற்றைத் தாக்க ஆணையிட்டவர்கள் முஸ்லிம்கள் அல்லர்.

இனி மெர்வ். 1221 தொடக்கத்தில் செங்கிஸ் கானின் மகன் துலுய் அந்த நகரத்தை வளைத்தார். நகரம் பணிந்தது. மக்கள் அனைவரையும் வெளியே சமவெளிக்கு வரச் சொன்னார்கள். 400 கைவினைஞர்களையும், அடிமைகளாகக் கொண்டுபோகச் சில சிறுவர் சிறுமியரையும் பிரித்தெடுத்துவிட்டு மற்றவர்களைக் கொன்றார்கள் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதுகிறார். படை போன பிறகு ஒரு சையது சிலரைச் சேர்த்துக்கொண்டு 13 நாள் இரவும் பகலும் பிணங்களை எண்ணினாராம். கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும் 13 லட்சத்துக்கு மேல் என்று கணக்கு.

இந்த எண் பள்ளிப் பாடங்கள் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. மண் என்ன சொல்கிறது? மெர்வில் 1946 முதல் சோவியத் ஆய்வாளர் மாசோன் குழுவும், 1990களிலிருந்து இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் வேலை செய்திருக்கிறார்கள். அன்றைய நகரம் சுல்தான் கலா என்ற பகுதி. மதிலுக்குள் சுமார் 400 ஹெக்டேர். 13 லட்சம் பேரை அதற்குள் நிறுத்தினால், தெரு, சந்தை, பள்ளிவாசல், குளம் எல்லாவற்றையும் சேர்த்து ஒருவருக்கு மூன்று சதுர மீட்டர்தான் வரும். ஒரு பாய் விரிக்கும் இடம். சுற்றுக் கிராமங்களிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர்களைச் சேர்த்துப் பார்த்தாலும் இந்தக் கணக்கு நிற்காது.

அதனால் படுகொலை நடக்கவில்லை என்று ஆகுமா? ஆகாது. இந்த இடத்தில் செயற்பாட்டாளர்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். உண்மையறியும் குழுக்களில் போய் வந்தவர்களுக்கு இது கசப்பான அனுபவம். பாதிக்கப்பட்ட பக்கத்திலிருந்து ஒரு எண்ணைக் கூட்டிச் சொல்லிவிட்டால், மறுநாள் அந்தக் கூடுதலைப் பிடித்துக்கொண்டு நடந்த கொடுமை முழுவதையும் பொய் என்பார்கள். மெர்வ் கதையிலும் இரண்டு பக்கத்துக்கும் பெரிய எண் தேவைப்பட்டது. வென்றவருக்கு அது அடுத்த நகரத்தைப் பயமுறுத்தும் ஆயுதம். தோற்றவருக்கு அது ஒப்பாரி. ஜுவைனியோ மங்கோலிய அரசில் அதிகாரி, பின்னாளில் பக்தாதின் ஆளுநர். அவர் எழுதியதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆனால் அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார் என்பதை மறந்துவிட்டு வாசிக்கக் கூடாது.

அதே நூலில், எண்ணின் பளபளப்பில் நாம் தாண்டிப் போகும் ஒரு சொல் இருக்கிறது: ஹஷர். பிடிபட்ட மக்களைத் திரட்டி, அடுத்த நகரத்தின் முற்றுகைக்கு ஓட்டிச் செல்வார்கள். அகழியை மண்ணும் விறகும் போட்டு நிரப்புவது, கல்லெறி பொறிகளை இழுப்பது, மதிலிலிருந்து அம்பு பாயும்போது படைக்கு முன்னால் நடப்பது இவர்களுடைய வேலை. புகாராவின் ஆட்களைச் சமர்க்கந்துக்கு இப்படித்தான் ஓட்டினார்கள். ஆகவே ஒரு மதிலடியில் கிடக்கும் எலும்பு தாக்கியவருடையதா, தாக்கப்பட்டவருடையதா என்று சுலபமாகப் பிரித்துவிட முடியாது. தாக்க வந்தவர்களில் முதல் வரிசை, போன மாதம் தாக்கப்பட்டவர்கள். நூல்களில் இவர்கள் ‘மங்கோலியப் படை’ என்ற கணக்கிலும் இல்லை, ‘நகரத்தார்’ என்ற கணக்கிலும் இல்லை.

*

எண் இல்லாத இடத்தில் மண் வேறு விதமாகப் பேசுகிறது. யாரோஸ்லாவ்ல், வோல்கா நதிக்கரை நகரம். 1238 பிப்ரவரியில் வீழ்ந்தது. 1937இல் இடிக்கப்பட்ட ஒரு பேராலயத்தை அதே இடத்தில் மீண்டும் கட்ட முனைந்தபோது, கடைக்கால் தோண்டுமுன் ரஷ்ய அறிவியல் கழகத்தின் தொல்லியல் நிறுவனம் அங்கே அகழாய்வு செய்தது. 2005 முதல் பெருங்குழிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. மொத்தம் ஒன்பது. 300க்கும் மேற்பட்டோர். ஆண், பெண், குழந்தை எல்லோரும் இருந்தார்கள். எலும்புகளில் வெட்டும் குத்தும் எரிந்த தடமும் இருந்தன.

அவற்றில் ஒரு குழியை மட்டும் பார்ப்போம். ஒரு வீட்டு வளாகத்துக்குள் 15 பேரைப் புதைத்த குழி. அதில் மூவர் ஒரே குடும்பம் என்று 2019இல் மரபணு ஆய்வு காட்டியது. 55 வயது தாண்டிய பாட்டி, முப்பதுகளில் மகள், 20 வயதை ஒட்டிய பேரன். இந்த மூவருக்கும் மற்றவர்களைவிடச் சொத்தைப்பல் அதிகம். தேனும் இனிப்பும் அடிக்கடி சாப்பிடக்கூடிய வீடு, அதாவது வசதியான வீடு. பல்லில் வர்க்கம் எழுதப்பட்டிருந்தது. அந்த வளாகம் அவர்களுடையதாகவே இருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் அதே குழியில் கிடக்கும், பல் கெடாத மற்றவர்கள் யார்? விருந்தாளிகளா, அடைக்கலம் புகுந்தவர்களா, அந்த வீட்டில் வேலை செய்தவர்களா? செய்தித்தாள்களில் ‘மங்கோலியரால் கொல்லப்பட்ட குடும்பம்’ என்று தலைப்பு வந்தது. நாமோ மீதிப் பன்னிரண்டு பேரைப் பற்றி யோசிக்கிறவர்கள்.

இன்னொன்றும் கிடைத்தது. எலும்புகளோடு ஈப்புழுக்களின் எச்சம். அந்த வகை ஈக்கள் முட்டையிட்டுப் புழு வளர நல்ல வெயில் வேண்டும். பிப்ரவரிப் பனியில் செத்தவர்கள் உடலில் அவை எப்படி வந்தன? பனியில் உறைந்து கிடந்த உடல்கள் மே மாத இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் புதைக்கப்பட்டன. அவ்வளவு நாள் புதைக்க ஆளில்லை. பனி உருகி, உடல்கள் அழுகத் தொடங்கிய பிறகு யாரோ திரும்பி வந்திருக்கிறார்கள், குழி வெட்டியிருக்கிறார்கள். பிணம் எடுப்பதும் குழி வெட்டுவதும் எப்படிப்பட்ட வேலை என்று நம்மிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஜூன் மாதத்தில் அதைச் செய்தவர்கள் யார் என்பதை ஏடு சொல்லவில்லை. அவர்கள் செய்த வேலை மட்டும் எட்டு நூற்றாண்டாக அங்கே இருந்தது.

கீவ் நகரம் 1240 டிசம்பரில் வீழ்ந்தது. கடைசியாக மக்கள் தஞ்சம் புகுந்த தசமபாகத் தேவாலயம் இடிந்து விழுந்தது. மேல்மாடங்களில் மூட்டை முடிச்சோடு ஏறியவர்களின் பாரம் தாங்காமல் சுவர்கள் சரிந்தன என்கிறது அக்கால ஏடு. 1930களின் இறுதியில் கார்கர் என்ற சோவியத் ஆய்வாளர் அங்கே தோண்டினார். தேவாலயத்தின் அடியில் ஓர் ஆழமான குழி இருந்தது. அதற்குள் மனித எலும்புகள், மண் தோண்டும் கருவிகள், வாளிகள். இடிபாட்டுக்குக் கீழே அகப்பட்டவர்கள் மலைச்சரிவுப் பக்கமாகச் சுரங்கம் வெட்டித் தப்பப் பார்த்திருக்கிறார்கள். அதே குழியில் நகை வார்க்கும் கல்லச்சுகளும் கிடைத்தன. ஓர் அச்சில் பெயர் கீறப்பட்டிருந்தது: மாக்சிமுடையது. ஊரே எரியும்போது ஒரு தட்டார் பொன்னை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. பொன் அவருடையதாக இருந்திருக்காது. அச்சு அவருடையது. அது இருந்தால் நாளைக்குப் பிழைத்துக்கொள்ளலாம். அதைக் கொண்டு வந்தது மாக்சிமா, அவருடைய மகனா, அவரிடம் வாங்கிய வேறொருவரா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இளவரசர்களும் ஆயர்களும் நிறைந்த அந்த ஏட்டுக்கு வெளியே, ஒரு கைவினைஞரின் பெயர் அவருடைய கருவியிலேயே நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

வேறொரு வீட்டில், மண்ணில் பாதி புதைந்ததுபோலக் கட்டிய சிறிய வீடு அது, ஓவியரின் வண்ணச் சிமிழ்களும் அம்பர்க் கற்களும் இருந்தன. அவரது எலும்பு அங்கே இல்லை. ஒரு பூனையின் எலும்புக்கூடு இருந்தது. இன்னொரு வீட்டில், ரொட்டி சுடும் மண் அடுப்புக்குள் இரண்டு சிறுமிகள் ஒருவரையொருவர் அணைத்தபடி கிடந்தார்கள். தீக்குப் பயந்து அடுப்புக்குள் ஒளிந்தவர்கள். வெண்மணியில் இராமையாவின் குடிசைக்குள் புகுந்த 44 பேரை நினைக்காமல் இந்த வரியை நம்மால் வாசிக்க முடியவில்லை.

ஆனால் இங்கேயும் நிதானம் தேவை. மரத்தால் கட்டிய ரஷ்ய நகரங்கள் அடிக்கடி எரிந்தன. கீவை 1169இலும் 1203இலும் சூறையாடியவர்கள் அதே மதத்தைச் சேர்ந்த அண்டை இளவரசர்கள்தாம். எந்த நகரத்தில் கரியும் சாம்பலும் கலந்த மண்ணடுக்கு கிடைத்தாலும் அதை உடனே மங்கோலியர் பேரில் எழுதும் வழக்கம் ஒருகாலத்தில் இருந்தது. அதில் வசதி இருக்கிறது. உள்ளூர்ப் பெரியவர்களின் கணக்கும் வெளியார் பேரில் போய்விடும். கீவ் 1240க்குப் பிறகு வெறும் சுடுகாடாகிவிடவும் இல்லை. மேட்டு நகரம் சிதைந்த பின்னும், ஆற்றங்கரைத் தாழ்நிலத்தில் வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த பொதீல் பகுதியில் வாழ்க்கை தொடர்ந்ததைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டுகின்றன. அரண்மனை எரிந்தால் நகரமே அழிந்தது என்று எழுதுவது, அரண்மனையை மட்டுமே நகரம் என்று நினைப்பவர்களின் பழக்கம்.

*

நீரைப் பற்றிப் பேசாமல் இந்த நகரங்களைப் பற்றிப் பேச முடியாது. பழைய சமர்க்கந்து அஃப்ராசியாப் என்ற மேட்டின் மேல் இருந்தது. மேட்டுக்குத் தண்ணீர் தானாக ஏறாது. ஈயத் தகடு பதித்த ஒரு கால்வாய் வழியாகத் தண்ணீர் நகருக்குள் வந்தது. 10ஆம் நூற்றாண்டு அரபு நிலவியலாளர்கள் ஒரு செய்தியைச் சொல்கிறார்கள்: அந்தக் கால்வாயைக் கோடையிலும் குளிரிலும் காத்துப் பராமரித்தவர்கள் ஜரதுஷ்டிர மதத்தார். முஸ்லிம் ஆட்சியில் மாற்று மதத்தார் கட்ட வேண்டிய தலைவரிக்குப் பதிலாக அவர்கள் மேல் சுமத்தப்பட்ட வேலை அது. ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற வேலை, ஊரின் நம்பிக்கைக்குள் சேராதவர்களிடம். நம் ஏரிப் பாசன ஊர்களில் மடை திறந்து அடைக்கும் நீர்க்கட்டிகள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று நமக்குத் தெரியும். இரண்டும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. ஆனால் நகரத்தின் உயிர்நாடி யார் கையில் இருந்தது என்று பார்க்கும் கண் நமக்கு இருக்கிறது.

1220இல் சமர்க்கந்து வீழ்ந்தது. ஈயக் கால்வாய் அதன்பின் மீளவில்லை. நீரில்லாத மேட்டில் குடியிருக்க முடியாது. அஃப்ராசியாப் கைவிடப்பட்டது, புதிய சமர்க்கந்து தெற்கே தாழ்வான இடத்தில் வளர்ந்தது. இன்றைக்கும் அந்த மேடு வெறும் மேடுதான், நடுவில் அகழாய்வுக் குழிகள். மதிலை மறுபடி கட்டிவிடலாம். கால்வாயை ஓடவைக்க, அதன் ஒவ்வொரு கசிவையும் அறிந்த கைகள் வேண்டும்.

ஒட்ராரின் கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. போருக்கே காரணமான நகரம் அது. செங்கிஸ் கான் அனுப்பிய வணிகர் கூட்டத்தை அதன் ஆளுநர் 1218இல் கொன்றார். பதிலடியாக நகரம் மாதக்கணக்கில் முற்றுகையிடப்பட்டு 1220இல் வீழ்ந்தது. ‘ஒட்ரார் பேரழிவு’ என்றே வரலாற்றில் பெயர். ஆனால் அங்கே தோண்டியவர்கள் மேலடுக்குகளில் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 14ஆம் நூற்றாண்டிலும் இயங்கிய குயவர் தெருவையும் பள்ளிவாசலையும் கண்டார்கள். தைமூர் 1405இல் இறந்தது அந்த ஊரில்தான். அழிந்துபோன ஊரில் பேரரசர் வந்து தங்க மாட்டார்.

அந்தச் சமவெளியின் வேளாண்மை பிற்பாடு ஏன் சுருங்கியது? 2020இல் பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அங்கே பழைய வாய்க்கால்களின் வண்டலைக் காலக்கணிப்புச் செய்து வெளியிட்ட ஆய்வு, பழியை வாளிலிருந்து ஆற்றுக்கு நகர்த்தியது. ஆறு தன் படுகையை அரித்துக் கீழே இறங்கிவிட்டது. வாய்க்காலின் வாய் மேலே நின்றுவிட்டது. அதோடு வறட்சியும் சேர்ந்தது. மங்கோலியர் வருவதற்கு முன்பே பல வாய்க்கால்கள் கைவிடப்பட்டிருந்தன. 7, 8ஆம் நூற்றாண்டுகளில் அரபுப் படையெடுப்பு நடந்தபோது மழை நன்றாக இருந்ததால் அந்தச் சமவெளி சீக்கிரம் எழுந்துகொண்டது. 13ஆம் நூற்றாண்டில் அந்த வாய்ப்பு இல்லை. செங்கிஸ் கானுக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. கொலைகாரன் பெயர் பெரிதாக இருந்தால், மெதுவாகக் கொல்லும் காரணங்கள் கண்ணில் படாமல் போகும் என்பதற்காகச் சொல்கிறோம்.

*

இப்போது மெர்வில் பிரித்தெடுத்த அந்த 400 பேரிடம் திரும்புவோம். சமர்க்கந்தில் 30,000 கைவினைஞர்களைத் தேர்ந்தெடுத்துத் தன் மகன்களுக்கும் உறவினருக்கும் செங்கிஸ் கான் பங்கிட்டார் என்கிறார் ஜுவைனி. இந்த எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் பங்கிட்டார் என்ற வினைச்சொல்லை நம்பலாம். ஆடு மாடு போலப் பாகம் பிரித்தார்கள். ஹேரத்தின் நெசவாளர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே பெஷ்பாலிக் என்ற ஊருக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் ஒரு பகுதியினர் மட்டும் பாழூரைத் தூக்கி நிறுத்தத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். எரிந்த நகரத்தின் மண்ணடுக்கை மட்டும் வாசிப்பவருக்கு இவர்கள் செத்தவர்கள். தேட வேண்டிய இடம் வேறு.

அந்த இடங்களில் ஒன்று காரகோரம். மங்கோலியாவின் ஒர்கோன் பள்ளத்தாக்கில், செங்கிஸ் கானின் மகன் ஒகதாய் 1235இல் மதில் எழுப்பிய தலைநகரம். 1254இல் அங்கே போன பிரான்சிஸ்கன் துறவி ரூப்ரக் வில்லியம் ஒரு குறிப்பு விட்டுச் சென்றார். நகரத்தில் இரண்டு தெருப்பகுதிகள்: ஒன்று முஸ்லிம்களின் சந்தைப் பகுதி, மற்றது சீனர்களின் பகுதி, அவர்கள் எல்லோரும் கைவினைஞர்கள். பன்னிரண்டு விக்கிரகக் கோயில்கள், இரண்டு பள்ளிவாசல்கள், ஒரு தேவாலயம். ஆனாலும் பாரிசுக்குப் பக்கத்திலுள்ள செயின்ட் டெனி என்ற சிற்றூருக்குக்கூட ஈடாகாது என்று அவர் முகம் சுளித்தார்.

1948, 1949இல் சோவியத் ஆய்வாளர் கிசெல்யோவ் அங்கே தோண்டினார். பெரிய தூண் மண்டபம் ஒன்று கிடைத்தது. ஒகதாயின் அரண்மனை என்று அறிவித்தார். அரை நூற்றாண்டு பாடநூல்கள் அப்படியே எழுதின. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஜெர்மானியரும் மங்கோலியரும் சேர்ந்து அதே இடத்தை மறுபடி தோண்டினார்கள். நடுவில் தூபியின் அடித்தளம், புத்தர் சிலைத் துண்டுகள், ஆயிரக்கணக்கில் சிறு களிமண் நேர்த்திப் பொருள்கள். அது அரண்மனை அல்ல, பௌத்தக் கோயில். பெரிய கட்டடம் என்றாலே அரசனுடையது என்று கை தானாக எழுதிவிடுகிறது. பௌத்த இடங்கள் வேறு பெயரில் வாசிக்கப்பட்ட கதைகளை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம், அதனால் இதில் நமக்குக் கொஞ்சம் கூடுதல் மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்கவில்லை.

அதே ஆண்டுகளில் பான் பல்கலைக்கழகத்தின் குழு அரண்மனையைத் தேடாமல், இரண்டு பெருந்தெருக்கள் சந்திக்கும் நகர நடுப்பகுதியைத் தோண்டியது. பட்டறைகள் வெளிவந்தன. உலைகள், செம்பும் பொன்னும் உருக்கிய தடயங்கள், கண்ணாடி, எலும்பு வேலைப்பாடு, வண்டிச் சக்கரத்தின் குடத்துக்குள் பதிக்கும் வார்ப்பிரும்பு வளையங்கள். தரைக்கடியில் புகை ஓடும் சீன முறைக் கணப்புத் திண்ணைகள். உலகப் பேரரசின் தலைநகரத்துக்கு நட்டநடுவில் பட்டறைத் தெரு.

ரூப்ரக் பெயர் சொல்லும் சிலர் அந்த நகரத்தோடு சம்பந்தப்பட்டவர்கள். கியோம் பூஷே என்ற பாரிஸ் பொற்கொல்லர், பெல்கிரேடில் பிடிபட்டவர். பேரரசர் மோங்கேயின் அரண்மனை வாசலில் அவர் ஒரு வெள்ளி மரம் செய்து நிறுத்தினார். நான்கு சிங்கங்களின் வாயில் குதிரைப்பால், கிளைகளில் சுற்றிய பாம்புகளின் வாயில் நான்கு வகை மது, உச்சியில் எக்காளம் ஏந்திய தேவதை. தேவதை ஊதினால் பணியாட்கள் மதுவை ஊற்றுவார்கள். முதலில் துருத்தி வைத்து எக்காளத்தை ஒலிக்கச் செய்யப் பார்த்தார், காற்று போதவில்லை. அதனால் மரத்துக்கு அடியில் ஒரு குழி அமைத்து அதற்குள் ஓர் ஆளை ஒளித்துவைத்தார். மேலே ஆணை வந்ததும் அந்த ஆள் குழாயில் ஊதுவார், மேலே தேவதை எக்காளம் முழக்கும். வெள்ளி மரத்தைப் பற்றி எழுதாத மங்கோலிய வரலாறு இல்லை. பூஷேயின் பெயர் எல்லாவற்றிலும் உண்டு. குழிக்குள் இருந்த ஆளின் பெயரை ரூப்ரக் கேட்டுக்கொள்ளவில்லை.

மெட்ஸ் ஊரைச் சேர்ந்த பாஸ்கா என்ற பெண் ஹங்கேரியில் பிடிபட்டவள். பேரரசரின் கூடாரத்துக்கு வந்து சேரும்வரை பட்ட பட்டினியையும் இல்லாமையையும் அவள் துறவியிடம் சொல்கிறாள். இப்போது பரவாயில்லை என்கிறாள். ரஷ்யக் கணவன், மூன்று பையன்கள். கணவனுக்கு வீடு கட்டத் தெரியும், அந்த ஊரில் அது நல்ல தொழில். தாலஸ் பக்கம் இருந்த ஜெர்மானிய அடிமைகளைத் தேடிப் போன ரூப்ரக்கால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. பொன் தோண்டவும் ஆயுதம் செய்யவும் அவர்களைப் போலாத் என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

உயிர் பிழைத்தவர்கள் எந்த நிபந்தனையில் பிழைத்தார்கள் என்பதுதான் இங்கே நமக்கு முக்கியம். பின்னாளில் சீனத்தை ஆண்ட மங்கோலிய யுவான் அரசு, கைவினைஞர்களைக் கைவினைக் குடும்பங்கள் என்று தனிப் பதிவேட்டில் ஏற்றியது. சோற்றுக்குத் தானியம் அளந்தது, சில வரிகளையும் வெட்டிவேலையையும் தள்ளுபடி செய்தது. பதிலுக்கு, அப்பன் தொழில் மகனுக்கு. விட்டு விலக முடியாது. அடுத்து வந்த மிங் அரசும் அந்தப் பதிவேட்டைத் தொடர்ந்தது. சீனக் கைவினைஞர்களின் மகன்கள் தந்தையின் தொழிலையே செய்யக் கட்டுப்பட்டவர்கள் என்று ரூப்ரக்கும் குறிப்பிடுகிறார்.

இதைச் சாதி என்று சொல்லிவிட மாணவர்களுக்கு ஆசை வரும். வேண்டாம். அங்கே தீட்டு இல்லை, தொடுதல் பற்றிய தடை இல்லை, அதற்கு வேதமும் இல்லை. அரசு எழுதியது, அரசு மாறினால் தளர்ந்தது. தொழிலைப் பிரிப்பதையும் தொழிலாளியைப் பிரிப்பதையும் வேறுபடுத்திப் பார்க்க அண்ணல் அம்பேத்கர் ‘சாதி ஒழிப்பு’ நூலில் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டுதான் இதைப் பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரிகிறது. திறமையைப் பாராட்டி உயிர்ப்பிச்சை கொடுத்தார்கள் என்று எழுதும் நூல்கள், அந்தத் திறமையே கால்விலங்காக மாறிய இடத்தில் பேச்சை நிறுத்திக்கொள்கின்றன.

கடைசியாக அண்ணனின் கேள்வி. வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் பத்து கானின் வழிவந்தவர்கள் பெருநகரங்கள் எழுப்பினார்கள். ஆற்றங்கரையின் வெற்றுப் புல்வெளியில், பல நாடுகளிலிருந்து ஓட்டிவரப்பட்டவர்களின் உழைப்பில் எழுந்த நகரங்கள். அவற்றில் சாரேவ், செலித்ரென்னோயே என்ற இரண்டு இடங்களை ஃபெதோரோவ்-தாவிதோவ் என்ற தொல்லியலாளர் 1959 தொடங்கிப் பல பத்தாண்டுகள் தோண்டினார். பிரபுக்களின் வளாகங்கள் கிடைத்தன. சுட்ட செங்கல், நீலமும் வெள்ளையும் மின்னும் ஓடுகள், புகைவழி ஓடும் கணப்புத் திண்ணை. பலரும் அந்த ஓடுகளைத்தான் படம் பிடித்தார்கள். அவர் அதே மதிலுக்குள் வேறொன்றையும் கவனித்தார். தரையை வெட்டி இறக்கிய பெரிய குழிவீடுகள். பலர் சேர்ந்து படுக்கும் அளவு. அந்தக் குளிரிலும் பெரிய வீட்டில் இருந்ததுபோன்ற கணப்பு அவற்றில் இல்லை. இவை அந்த வளாகத்தின் அடிமைகள் தங்கிய இடம் என்று அவர் வாசித்தார்.

காலம் கொஞ்சம் நகர்ந்த பின், 14ஆம் நூற்றாண்டின் அடுக்குகளில், அந்தக் குழிகள் குறைகின்றன. அதே வளாகத்தின் ஓரங்களில் சின்னச் சின்னத் தனி வீடுகள் வருகின்றன. அடிமைகள் சொந்தக் குடும்பமும் அடுப்பும் உள்ள, ஆனாலும் எசமானை அண்டி வாழ்கிற குடிகளாக மாறினார்கள் என்பது அவருடைய முடிவு. பெரிய வீட்டின் சுவரிலிருந்து அந்தச் சின்ன வீடுகளுக்குச் சில அடி நடந்தால் போதும். செங்கல் சுமந்தவர் அங்கேதான் படுத்தார். முதலில் குழியில். பிறகு, பேரன் காலத்தில், தன் அடுப்புக்குப் பக்கத்தில்.